எரிமலை ஓரத்துல வீடு... எந்த பேங்க் லோன் கொடுக்கும்?

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்குக்கு அடிக்கடி வந்துபோகும் விருந்தாளி, ஹவாய் தீவின் கிலாவேயா எரிமலை. 2024 டிசம்பர் 23-ம் தேதி மறுபடி பொங்க ஆரம்பித்ததிலிருந்து, கொஞ்ச நாள் ஓய்வதும் திடீரென்று நெருப்பு ஊற்றைப் பீய்ச்சுவதுமாக இருந்தது. சில தடவை ஊற்று 300 மீட்டரையும் தாண்டியது. வீடியோ வந்ததும் நாலு வரி எழுதி, ஒரு தலைப்பு போட்டு ஏற்றிவிடுவது என் வேலை. 'நெருப்பு மழை', 'பூமியின் கோபம்' மாதிரியான தலைப்புகள் எல்லாம் தீர்ந்துபோய், ஒருநாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போது 2018-ம் ஆண்டின் பழைய காட்சி ஒன்றைத் தேடி எடுத்து ஓடவிட்டேன். ஒரு சாதாரணத் தெரு. தபால் பெட்டி, வேலி, வாழை மரம். தெருவின் மறுகோடியிலிருந்து கறுப்பும் சிவப்புமாக லாவா நகர்ந்து வருகிறது. நின்றிருந்த ஒரு காரை மெதுவாக அப்படியே மூடிக்கொள்கிறது.

காபி டம்ளரோடு பின்னால் வந்து நின்ற அம்மா, கார் மூழ்கி முடியும்வரை பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

"ஏன்டி, இவ்ளோ பக்கத்துல வீடு கட்டியிருக்காங்களே... இதுக்கெல்லாம் எந்த பேங்க்ல லோன் கொடுத்தான்?"

உலகமே லாவாவைப் பார்க்கிறது. அம்மா இ.எம்.ஐ-யைப் பார்க்கிறார்! பதினெட்டு வருடம் வீட்டுக்கடன் கட்டி முடித்தவர் அவர். அதற்கு நடுவில் 2015 டிசம்பர் வெள்ளமும் வந்தது. தாம்பரத்தைத் தாண்டி இருக்கும் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். லோனோடு சேர்த்து ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசி இருந்தது. ஆனால் அது கட்டடத்துக்கு மட்டும்தான். கட்டடம் திடமாக நின்றது. ஊறிப்போனது பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், என் பிளஸ் டூ புத்தகங்கள். அவற்றுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. அன்றிலிருந்து எந்த வீட்டைப் பார்த்தாலும் அம்மா முதலில் கேட்பது தண்ணீர் வருமா என்றுகூட இல்லை, 'இன்ஷூரன்ஸ்ல என்ன எழுதியிருக்கு' என்றுதான்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் தேட ஆரம்பித்தேன். அன்றைக்கு எழுத வேண்டிய நாலு வரி, நாலு நாள் வேலையாகிவிட்டது.

பதில், ஒரு வரைபடத்திலிருந்து ஆரம்பிக்கிறது. அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் பெரிய தீவின் பெயரும் ஹவாய்தான். கிலாவேயா, மவுனா லோவா உட்பட ஐந்து எரிமலைகள் சேர்ந்து உருவாக்கிய தீவு அது. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் இந்தத் தீவு முழுவதையும் லாவா அபாயத்தின்படி ஒன்பது மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. ஒன்பதாம் மண்டலம் கிட்டத்தட்ட நிம்மதியானது. முதல் மண்டலம், எரிமலை உச்சிகளும் அவற்றிலிருந்து நீளும் பிளவுப் பகுதிகளும். 1800-ம் ஆண்டுக்குப் பிறகு மட்டும் அதன் பரப்பில் கால் பங்குக்கு மேல் லாவா ஓடியிருக்கிறது. இரண்டாம் மண்டலம், அந்தப் பிளவுகளுக்குக் கீழே சரிவில் இருக்கும் நிலம்.

'முதல் மண்டலத்தில் யார் போய் வீடு கட்டுவார்கள்' என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆண்டுக் கணக்கைப் பார்த்த பிறகு அது அவ்வளவு விநோதமாகத் தெரியவில்லை. தீவின் கிழக்கே இருக்கும் மாவட்டம் பூனா. 1955-ல் அங்கே பிளவு வெடித்தது. 1960-ல் கபோஹோ என்ற கிராமமே லாவாவில் புதைந்தது. அந்தப் பத்தாண்டிலேயே, அதே பிளவுப் பகுதியின் மேலும் அதற்குக் கீழே உள்ள சரிவிலும் ரியல் எஸ்டேட்காரர்கள் மனை போட்டு விற்றார்கள். லெய்லானி எஸ்டேட்ஸ், ராயல் கார்டன்ஸ் என்று காதுக்கு இனிமையான பெயர்கள். நிலத்தை நேரில் பார்க்காமலேயே அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து மனை வாங்கிப் போட்டவர்கள் நிறைய. லாவா அபாய வரைபடத்தின் முதல் பதிப்பு வந்தது 1974-ல். மனை முதலில் விற்றுப்போனது, மேப் பிறகு வந்தது. இந்த வரிசை நம் ஊர் ஏரிக்கரை லே-அவுட்களைப் பார்த்தவர்களுக்குப் புதிதல்ல.

சரி, லோன்? அமெரிக்காவில் வங்கிக்கடன் வேண்டுமென்றால் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும். அது வங்கியின் பாதுகாப்புக்காக. முதல் இரண்டு லாவா மண்டலங்களிலும் வழக்கமான கம்பெனிகள் பாலிசி தருவது அரிது. முதல் வீடு வாங்கும் சாதாரணக் குடும்பங்கள் நம்பியிருக்கும் எஃப்.ஹெச்.ஏ என்ற மத்திய அரசு உத்தரவாதக் கடனுக்கு, ஒன்று, இரண்டு மண்டல வீடுகள் தகுதியே இல்லை என்று விதியிலேயே இருக்கிறது. அம்மாவின் கேள்விக்கு நேர் பதில் இதுதான்: பெரும்பாலும் எந்த பேங்க்கும் கொடுக்கவில்லை. கைக்காசு போட்டு வாங்கினார்கள், அல்லது விற்பவரிடமே தவணை பேசினார்கள்.

கடன் கிடைக்காத நிலத்தை வாங்க ஆள் குறைவு. ஆள் குறைந்தால் விலை குறையும். ஹவாயோ அமெரிக்காவிலேயே வீட்டு விலை மிக அதிகமான மாநிலங்களில் ஒன்று. அங்கே ஓய்வூதியக்காரர்கள், முன்னாள் ராணுவத்தினர், ஹோனலூலுவில் வாடகை கட்ட முடியாதவர்கள், பிறந்த மண்ணைவிட்டுப் போக மனமில்லாத ஹவாய்ப் பூர்வகுடிகள் எல்லோருக்கும் எட்டக்கூடிய விலையில் இருந்தது பூனா. மாநிலத்திலேயே வேகமாக மக்கள்தொகை பெருகிய பகுதிகளில் ஒன்றாக அது ஆனதற்கு அழகான கடற்கரை மட்டும் காரணமில்லை. குழாய்த் தண்ணீர் எட்டாத இடங்களில் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தக் கையால் வீட்டைக் கட்டி முடித்தவர்கள் ஏராளம். அபாயம் தெரியாமல் போனவர்களும் உண்டு. ஆனால், தெரிந்தும், 'வேறு எங்கே நமக்கு இடம் கிடைக்கும்' என்று போனவர்கள்தான் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

1983 ஜனவரியில் கிலாவேயாவின் பூ ஊ ஓ ஓ என்ற வாயிலிருந்து ஆரம்பித்த லாவா, கிட்டத்தட்ட இடைவிடாமல் 35 வருடம் ஓடியது. ராயல் கார்டன்ஸைத் தெருத்தெருவாகத் தின்றது. 1990-ல் கலபானா என்ற கடலோரக் கிராமத்தை மூடியது. மொத்தம் 215 கட்டடங்கள். கம்பெனிகள் பூனாவிலிருந்து பின்வாங்க ஆரம்பித்தன. இன்ஷூரன்ஸ் இல்லையென்றால் கடன் இல்லை. ஏற்கெனவே கடன் வாங்கியவர்களுக்கோ பாலிசி ரத்தானால் வங்கி கழுத்தைப் பிடிக்கும்.

1991-ல் ஹவாய் சட்டமன்றம் ஒரு வழி செய்தது. ஹவாய் ப்ராப்பர்ட்டி இன்ஷூரன்ஸ் அசோசியேஷன், சுருக்கமாக ஹெச்.பி.ஐ.ஏ என்று ஓர் அமைப்பு. மாநிலத்தில் சொத்துக் காப்பீடு விற்க உரிமம் பெற்ற எல்லா கம்பெனிகளும் இதில் உறுப்பினராக வேண்டும். லாப நஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். வெளியில் எங்கும் பாலிசி கிடைக்காதவருக்கு இங்கே அடிப்படை பாலிசி. கடைசிக் கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைப்பதற்கு உச்சவரம்பு உண்டு, பிரீமியமும் கணிசமானது. ஆனால், கதவு என்று ஒன்றாவது இருந்தது.

2018 மே 3, மாலை நேரம். லெய்லானி எஸ்டேட்ஸ் தெருவில் பூமி பிளந்தது. சுமார் 1,700 பேரை வெளியேறச் சொன்னார்கள். மறுநாள் 6.9 அளவு நிலநடுக்கம். அடுத்த வாரங்களில் 24 பிளவுகள் திறந்தன. அவற்றில் எட்டாம் எண் பிளவு மட்டும் நிற்காமல் ஆறாக ஓடியது. இப்போது அதற்கு அஹுஅய்லாவ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்தில் 35 சதுர கிலோமீட்டருக்கு மேல் மூடியது. 700-க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. கபோஹோ விரிகுடா நிரம்பித் தரையாகிவிட்டது.

லாவாவில் ஒருவர்கூட இறக்கவில்லை. பெரிய ஆறுதல். ஆனால், இதில் ஒரு கொடுமையும் இருக்கிறது. பல இடங்களில் லாவா, நாம் நடக்கும் வேகத்தைவிட மெதுவாக வரும். வீட்டுக்காரர் பெட்டி கட்டலாம், நாயைப் பிடித்துக் காரில் ஏற்றலாம், சுவரில் மாட்டிய போட்டோவைக் கழற்றலாம். பிறகு தூரத்தில் நின்று, தன் வீடு எரிவதைப் பார்க்கலாம். சிலர் வாசலிலும் வெடித்த சாலையிலும் டீ என்ற செடியின் இலைகளை வைத்துவிட்டுப் போனார்கள். அது எரிமலைத் தெய்வமான பெலேவுக்குக் காணிக்கை. 'அவள் நிலத்தை அவள் திரும்ப எடுத்துக்கொள்கிறாள்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர்களும் உண்டு.

பெலேவின் கணக்கு அத்தோடு முடிந்தது. இன்ஷூரன்ஸ் கணக்கு அங்கேதான் தொடங்கியது.

வீட்டைக் கொன்றது எது? கேள்வி பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். ஆனால், பல லட்சம் டாலர் இந்த ஒரு கேள்வியில் தொங்கியது. லாவாவின் வெப்பம் 1,100 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பூனாவில் பெரும்பாலும் மர வீடுகள். லாவா தொடும் முன்பே, அனலிலேயே சுவர் பற்றிக்கொள்ளும். அப்படியானால் வீடு போனது தீயினால். தீ, எந்த வீட்டு பாலிசியிலும் முதல் வரியிலேயே இருக்கும். ஆனால், எரியாமல் நின்ற ஒரு கான்க்ரீட் தொட்டியை லாவா தள்ளி நசுக்கினால்? அது 'நில அசைவு' என்று ஒரு கம்பெனி சொல்லலாம். நில அசைவுக்கு வழக்கமான பாலிசியில் இடமில்லை. முதல்நாள் வந்த நிலநடுக்கத்தில் அஸ்திவாரம் விரிசல் விட்டு, மறுவாரம் லாவா வந்திருந்தால்? எந்தச் சேதம் எதனால் என்று யார் பிரித்துச் சொல்வது? ஆதாரம் முழுக்கப் பல மீட்டர் பாறைக்கு அடியில் இருக்கிறது!

இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்த பாலிசிகளும் இருந்தன. உள்ளூர்க் கம்பெனிகள் வேண்டாம் என்று ஒதுக்கும் ரிஸ்க்குகளை எடுத்துக்கொள்ளும் தனிச் சந்தை ஒன்று அமெரிக்காவில் உண்டு. அங்கே வாங்கிய சில பாலிசிகளில் ஒரு விலக்கு எழுதியிருந்தார்கள். நேரடியாகவோ மறைமுகமாகவோ லாவா காரணமாக வரும் சேதத்துக்குப் பணம் இல்லை. 'மறைமுகமாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். லாவாவின் அனலில் பிடித்த தீயும் அதற்குள் அடங்கிவிடும். முதல் மண்டலத்தில், எரிமலைப் பிளவின் மேல் நிற்கும் வீட்டுக்கு, லாவா மட்டும் சேராத பாலிசி! 'எங்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை' என்று வீட்டுக்காரர்கள் பலர் வழக்குப் போட்டார்கள்.

எனக்கு அதைவிட மனதில் நின்றது, எரியாத வீடுகளின் கதை. லாவா இரண்டாகப் பிரிந்து ஓடி, நடுவில் ஒரு திட்டை விட்டுவைக்கும். ஹவாய் மொழியில் அதற்குக் கீபுகா என்று பெயர். திட்டின் மேல் வீடு முழுசாக நிற்கும். ஜன்னல் கண்ணாடிகூட உடைந்திருக்காது. தோட்டத்தில் மரம் பச்சையாக இருக்கும். சுற்றிலும் கறுப்புப் பாறை. ரோடு இல்லை, கரன்ட் இல்லை, போக வழியே இல்லை. பாலிசி கேட்பதோ 'நேரடிப் பௌதிகச் சேதம் உண்டா?' என்று. சேதம் இல்லை. அதனால் பணமும் இல்லை. வங்கிக்கடன் இருந்தால் தவணை மட்டும் மாதாமாதம் ஓடும். முழங்கால் தண்ணீரில் திடமாக நின்ற எங்கள் வீட்டுச் சுவர்களை நினைத்துக்கொண்டேன். இதைச் சொன்னபோது அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

இவ்வளவும் படித்த பிறகு, எங்கள் வீட்டுக்கு இப்போது இருக்கும் பாலிசியை எடுத்து ஒரு வரி விடாமல் படித்தேன். 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் நடைமுறையில் இருக்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி. ஐ.ஆர்.டி.ஏ.ஐ வகுத்த ஒரே மாதிரியான வாசகம் என்பதால் எந்த கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படை ஒன்றுதான். தீ, இடி, புயல், வெள்ளம், நிலச்சரிவு... நடுவில் தெளிவாக இருக்கிறது: நிலநடுக்கம், எரிமலை வெடிப்பு! எங்கள் தெருவில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் அண்ணனிடம் காட்டினேன். "இத்தனை வருஷத்துல இந்த வரியைப் பத்தி என்கிட்ட கேட்ட முதல் ஆள் நீதாம்மா" என்று சிரித்தார். இந்தியாவில் உயிரோடு இருக்கும் எரிமலை ஒன்றுதான். அந்தமானில் பேரன் தீவு. அங்கே மனிதர்கள் குடியில்லை. தாம்பரத்தில் இருக்கும் வீட்டுக்கு எரிமலைப் பாதுகாப்பு தர ஒரு கம்பெனிக்கு எந்தச் செலவும் கிடையாது. எரிமலை நிஜமாகவே இருக்கும் ஊரில்தான் அந்தச் சொல் பாலிசியிலிருந்து காணாமல் போகிறது.

அப்படித்தான் இருக்க வேண்டுமா? இல்லை என்பதற்கு ஐஸ்லாந்து சாட்சி. அந்த நாடே எரிமலைகளின் மேல் இருக்கிறது.

1973 ஜனவரி 23, நள்ளிரவு தாண்டிய நேரம். ஹெய்மே என்ற சின்னத் தீவில் ஊருக்குப் பக்கத்திலேயே பூமி பிளந்தது. புயலால் மீன்பிடிப் படகுகள் கடலுக்குப் போகாமல் துறைமுகத்திலேயே கட்டியிருந்தது அதிர்ஷ்டம். அன்றிரவே சுமார் 5,300 பேர் படகேறித் தப்பித்தார்கள். ஏறக்குறைய 400 வீடுகள் அழிந்தன. துறைமுகத்தை லாவா அடைக்காமல் இருக்க, கடல்நீரைப் பீய்ச்சி லாவாவை உறைய வைத்தது உலகப் பிரசித்தம். அவ்வளவாகப் பேசப்படாதது அடுத்து நடந்தது. 1975-ல் ஐஸ்லாந்து ஒரு தேசியப் பேரிடர் காப்பீட்டைச் சட்டமாக்கியது. அந்த நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் தீ இன்ஷூரன்ஸ் கட்டாயம். தீ இன்ஷூரன்ஸ் எடுத்தாலே பேரிடர் காப்பீடும் கூடவே வந்துவிடும். எரிமலை, நிலநடுக்கம், பனிச்சரிவு, நிலச்சரிவு, வெள்ளம் எல்லாம் அதில் அடக்கம். எரிமலைப் பிளவுக்கு மேல் வீடு இருந்தாலும், ஆபத்தே இல்லாத மூலையில் இருந்தாலும், ஒரே விகிதம். நெடுங்காலமாக ஆயிரத்துக்குக் கால் என்ற கணக்கு. நம் கணக்கில் சொன்னால், ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு வருடத்துக்கு 2,500 ரூபாய்.

'எனக்குப் பக்கத்தில் எரிமலையே இல்லையே, நான் எதற்குக் கட்ட வேண்டும்' என்று அங்கேயும் யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். ஆனால், இன்றைக்கு எரிமலையால் தப்பியவர் நாளைக்குப் பனிச்சரிவில் மாட்டலாம். எல்லா ஆபத்தையும் ஒரே கூடையில் போட்டதால் எல்லோருக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. ஸ்பெயினிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு. நாட்டில் எங்கே வீட்டு பாலிசி எடுத்தாலும் ஒரு சிறு கூடுதல் தொகை 'கான்சோர்சியோ' என்ற அரசு அமைப்புக்குப் போகும். 2021-ல் லா பால்மா தீவில் 85 நாள் லாவா ஓடியபோது, பாலிசி வைத்திருந்தவர்களுக்குப் பணம் கொடுத்தது அந்த அமைப்புதான். வைத்திருக்காதவர்களுக்கு அங்கேயும் கான்சோர்சியோவின் கதவு திறக்கவில்லை.

ஐஸ்லாந்தின் ஏற்பாட்டுக்கும் சோதனை வந்தது. 2023 நவம்பர் 10 இரவு, கிரிண்டாவிக் என்ற மீன்பிடி நகரத்தில் சுமார் 3,800 பேரை வெளியேற்றினார்கள். ஊருக்கு அடியிலேயே பாறைக்குழம்பு ஊடுருவி, தெருக்கள் விரிசல் விட்டிருந்தன. 2024 ஜனவரி 14-ம் தேதி லாவா ஊருக்குள் வந்து மூன்று வீடுகளை எரித்தது. நாடே டிவியில் நேரலையில் பார்த்தது. எரிந்த வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. ஆனால், மீதி வீடுகள்? பல வீடுகள் முழுசாக நின்றன. குடியிருக்க மட்டும் முடியாது. பூனாவின் கீபுகா வீடுகள் மாதிரியே.

ஐஸ்லாந்து அரசு அடுத்த மாதமே சட்டம் போட்டது. இதற்கென்றே தோர்காட்லா என்று ஒரு நிறுவனம் தொடங்கி, விற்க விரும்பும் குடும்பங்களின் வீடுகளைத் தீ இன்ஷூரன்ஸ் மதிப்பில் 95 சதவிகிதம் கொடுத்து வாங்கிக்கொண்டது. வீட்டின் மேல் இருந்த கடனையும் நிறுவனமே ஏற்றது. ஊர் எப்போதாவது பாதுகாப்பானால், பழைய வீட்டுக்காரருக்கே திரும்ப வாங்கும் முன்னுரிமை. லாவாவைத் திசைதிருப்ப மண் அணைகள் கட்டினார்கள். அதற்கு நாட்டிலுள்ள எல்லா வீட்டுச் சொந்தக்காரர்களிடமும் ஒரு சிறு தொகை வசூலித்தார்கள். கிரிண்டாவிக்காரர்களுக்கு எல்லாமே சுமுகமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஊரையே இழந்த துக்கத்தை 95 சதவிகிதம் ஈடுகட்டாது. ஆனால், பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இ.எம்.ஐ கட்டும் தண்டனையிலிருந்து வெளியே வர ஒரு வழி கிடைத்தது. சில மாதங்களிலேயே கிடைத்தது.

ஹவாயில்? மத்திய அரசின் பேரிடர் நிவாரணத்தில் ஒரு குடும்பத்துக்கு அந்த ஆண்டு இருந்த உச்சவரம்பு 34,000 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 23 லட்சம் ரூபாய். அமெரிக்காவில் அதில் ஒரு வீடு எழுப்ப முடியாது. பிறகு கவுன்டி நிர்வாகம், மத்திய அரசு நிதியில், லாவாவால் பாதிக்கப்பட்ட சொத்துகளை விருப்பத்தின் பேரில் வாங்கிக்கொள்ளும் திட்டம் கொண்டுவந்தது. சொந்தமாகக் குடியிருந்த வீட்டுக்கு அதிகபட்சம் 2,30,000 டாலர். ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். நல்ல திட்டம்தான். ஆனால், விண்ணப்பம் வாங்க ஆரம்பித்ததே 2021-ல். மூன்று வருடம் ஒரு குடும்பம் எங்கே இருக்கும், எதை வைத்து வாடகை கட்டும் என்பதற்குத் திட்டத்தில் பதில் கிடையாது.

இன்றைக்கும் அங்கே மனை விற்பனைக்கு இருக்கிறது. விளம்பரங்களில் படுக்கையறை எத்தனை, கடல் தெரியுமா என்பதோடு சேர்த்து லாவா மண்டலம் எத்தனை என்ற விவரமும் இருக்கும். வாங்குபவர் முதலில் மேப்பைப் பார்க்க வேண்டும். பிறகு வழக்கமான கம்பெனிகளைக் கேட்டு, மறுப்பு வாங்கி, ஹெச்.பி.ஐ.ஏ-விடம் போக வேண்டும். தனிச் சந்தையில் யாராவது மலிவாகத் தந்தால், விலக்குகள் எழுதிய பக்கத்தில் 'லாவா' என்ற சொல் இருக்கிறதா என்று தேட வேண்டும். ஹவாயில் சூறாவளிக்குப் பெரும்பாலும் தனி பாலிசி என்பதால் அதையும் விசாரிக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் எரிமலை அமைதியாக இருக்கும்போதே செய்தாக வேண்டும். லாவா கிளம்பிவிட்டது என்று செய்தி வந்த பிறகு யாரும் புது பாலிசி எழுத மாட்டார்கள். ஸ்பெயினில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள்; பாலிசி எடுத்து ஏழு நாள் கழித்துத்தான் பேரிடர் பாதுகாப்பு தொடங்கும்.

மேப் விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். அதை வரைந்த நிலவியல் நிபுணர்களே, மண்டலங்களின் எல்லை துல்லியமான கோடு அல்ல, அபாயம் படிப்படியாகத்தான் மாறுகிறது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் படிப்படி எல்லாம் தெரியாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் பாலிசி உண்டு, அந்தப் பக்கம் இருந்தால் இல்லை. ஒரே மழை, ஒரே எரிமலை. நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு, வீட்டின் விலையைத் தீர்மானிக்கிறது.

2019 நவம்பரில் பூனாவின் 132-ம் எண் நெடுஞ்சாலையைத் திறந்தார்கள். உறைந்த லாவாவை வெட்டித்தான் அந்தச் சாலையைப் போட்டார்கள். தோண்டும்போது ஓராண்டு கடந்தும் உள்ளே பாறை தகித்தது. சாலை வந்ததும் கீபுகா வீடுகளுக்கு ஆட்கள் திரும்பிப் போக ஆரம்பித்தார்கள். வேலி, எல்லைக்கல், தபால் பெட்டி எல்லாம் பல மீட்டர் பாறைக்கு அடியில் போய்விட்டாலும் பத்திரத்தில் மனை எண் அப்படியேதான் இருக்கிறது. சில இடங்களில் சர்வேயரை வைத்துப் பழைய எல்லையை அளந்து, புது லாவாவின் மேலேயே வண்டி போகப் பாதை அடித்திருக்கிறார்கள். பாதையின் முடிவில் மழைநீர்த் தொட்டி, சோலார் பேனல், சின்னதாக ஒரு மர வீடு. கைக்காசில் கட்டியது.